மலையேறும் வேனுக்கு எந்த எஞ்சின்?

சர்வீஸ் வேன் வைத்துப் பிழைக்கிறவனுக்குச் சொந்த ஊர் என்பது ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கும்.

என் கார்டில் கொழிஞ்சாம்பாறை என்று போட்டிருக்கிறது. ஆனால் மாம்பூ பூக்கிற காலத்தில் முதலமடைத் தோப்புகளில் கிடப்பேன். மற்ற மாதங்களில் மூணாறு தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களில் கிடப்பேன். மருந்தடிக்கிற பம்புகளைப் பழுது பார்ப்பது தொழில். பம்பைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோய்க் காத்துக்கிடந்தால் தோட்ட வேலை கெட்டுவிடும் என்பதால், பட்டறையையே நான் தூக்கிக்கொண்டு போகிறேன். வெல்டிங் செட், ஜெனரேட்டர், கம்ப்ரசர், இரும்பு மேசை, மூட்டை மூட்டையாக உதிரிச் சாமான்கள், நான் படுக்க ஒரு பாய், எல்லாம் ஒரே வேனுக்குள். சமவெளியில் அது வேன். மறையூர் தாண்டி ஏற்றம் தொடங்கிவிட்டால் அது என் தலையெழுத்து.

பழைய வண்டியை மாற்றியே ஆகவேண்டும் என்று வந்தபோது, அதே மாடலில் இரண்டு எஞ்சின் கிடைக்கும் என்றார்கள். சின்னது டீசல் குறைவாகக் குடிக்கும். பெரியது நன்றாக இழுக்கும். ஒரு வருஷம் இதையே யோசித்துக்கொண்டு திரிந்தேன். கலந்து பேச வீட்டில் ஆள் கிடையாது. அப்பா, அம்மா போய்விட்டார்கள். நாற்பத்துநாலு வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. அதனால் போகிற இடத்தில் எல்லாம் கேட்டேன். லோடு வண்டியோ மினி பஸ்ஸோ வைத்துக்கொண்டு மலையேறுகிற என் சக பாவிகளே, நீங்களும் இப்படித்தான் கேட்டுத் திரிந்திருப்பீர்கள்.

பின்னால் வந்த பஸ்

ஒருநாள் காலையில் மூணாறு ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறுகிறது. பின்னால் ஒரு பஸ். ஒதுங்கலாம் என்றால் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒதுங்கி நின்றுவிட்டால் மறுபடி அந்தச் சரிவில் வண்டியை நகர்த்த முடியுமா என்பது எனக்கே சந்தேகம். பஸ் டிரைவர் கொஞ்ச நேரம் ஆரன் அடித்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

அப்போது என் ஜன்னலுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டை ஒன்று தெரிந்தது. பஸ் கண்டக்டர். இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேனுக்குச் சமமாக நடந்து வருகிறார். மூச்சுக்கூட வாங்கவில்லை. எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். பம்பு ரிப்பேர் என்றேன். அவருடைய மாமனார் வீட்டு பம்பு ஒழுகுவதைப் பற்றிச் சொன்னார், நான் வாஷர் மாற்றச் சொன்னேன். அன்றைக்கு என்னிடம் அவ்வளவு நேரம் பேசிய ஆள் அவர் ஒருவர்தான். வளைவு வந்ததும் மேலே கைகாட்டிச் சொன்னார்:

"அண்ணா, அங்க தெரியறதுதான் என்ற ஸ்டாப்பு. நான் முன்னாடி நடந்து போய் ஆளுகளுக்கு டிக்கெட் கொடுத்து நிறுத்தட்டே, நீங்க பைய வந்நா போதும்."

ஷோரூமில்

அதற்குப் பிறகுதான் கோயமுத்தூர் ஷோரூமுக்குப் போனேன். கழுத்துப் பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் காபி கொடுத்து உட்கார வைத்தார். பெரிய எஞ்சின் போட்ட வண்டியில் எஞ்சின் மேடு கொஞ்சம் உள்ளே வந்துவிடுமாம். டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்காருகிற நீள சீட் வராது. ஒற்றை சீட்தான். சொல்லும்போதே அவருக்குச் சங்கடமாக இருந்தது. "ஃபேமிலியோட போறதுன்னா கொஞ்சம் இடைஞ்சல் சார், அதையும் பாத்துக்கங்க" என்றார். அது பரவாயில்லை என்றேன். குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டார். அதற்கும் பரவாயில்லை என்றே சொல்லிவிட்டேன். அவர் குழம்பிப்போய் மேற்கொண்டு கேட்கவில்லை.

வண்டியை ஓட்டிப் பார்க்கச் சாவி கொடுத்தார். அவினாசி ரோட்டில் ஒரு சுற்று. தண்ணீர்போல ஓடியது. சின்ன எஞ்சினையும் கேட்டு வாங்கி ஓட்டினேன். அதுவும் தண்ணீர்போலத்தான் ஓடியது. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றேன். இளைஞர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்:

"லோடு இல்லாம ஓட்டுனா எல்லா வண்டியும் நல்லாத்தானுங்க சார் ஓடும்."

யூரியா

முதலமடையில் எனக்குப் பழைய வாடிக்கை பொன்னுசாமி அண்ணன். பெரிய மாந்தோப்பு. பூ எடுத்த நேரத்தில் பம்பு நின்றுவிட்டால் எனக்கு அவர் போடுகிற போன் பொள்ளாச்சி வரைக்கும் கேட்கும். அந்தத் தடவை அவர் தோப்பிலேயே வண்டியை நிறுத்தி பம்பைப் பிரித்துப் போட்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் கதையைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். எத்தனை கியர், எத்தனை லிட்டர், சர்வீஸ் எங்கே. பெரிய எஞ்சினில் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் தனியாக ஊற்றவேண்டும், அதற்கென்றே ஒரு தொட்டி இருக்கிறது என்று சொன்னபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். சத்தியம் செய்யாத குறையாக விளக்கினேன். மாம்பூவைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ற மரத்துக்கே நான் யூரியா வெக்கறதில்லீங்க தம்பி, உங்க வண்டிக்கு வெக்கோணுமாக்கும்?"

போனில் பேசியவர்

பொன்னுசாமி அண்ணன் வழியாகவே ஒரு வரன் வந்தது. எருத்தேன்பதிப் பக்கம். கோழித்தீவனக் கம்பெனியில் கணக்கு எழுதுகிற பெண். முதல் கல்யாணம் சரிப்படாமல் பிரிந்தவர். வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற சடங்கெல்லாம் வேண்டாம், முதலில் நாங்களே போனில் பேசிக்கொள்கிறோம் என்று அவரே சொல்லியனுப்பினார். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் அப்போது பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தேன். சிக்னலுக்காக ஒரு மேட்டில் ஏறி நின்றுதான் பேசினேன். குரல் நன்றாக இருந்தது. சமையல் தெரியுமா என்று என்னைத்தான் அவர் கேட்டார். தெரியும் என்றேன். வேனிலேயே அடுப்பு இருக்கிறது, ரசம் நன்றாக வைப்பேன் என்றேன். சிரித்தார். புது வண்டி எடுக்கப்போவதைச் சொன்னேன். பெரிய எஞ்சின் எடுத்தால் ஊருக்கு அடிக்கடி வந்து போகலாம் என்று எனக்கே அப்போதுதான் தோன்றியது, அதையும் சொன்னேன். மாசத்துக்கு எத்தனை நாள் ஊரில் இருப்பேன் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. சீசனைப் பொறுத்து என்றேன். லைன் போய்விட்டதோ என்று மேட்டில் இன்னும் மேலே ஏறினேன். லைன் இருந்தது. கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார்:

"நீங்க வேன்ல குடியிருக்கறீங்க. நான் எங்கீங்க குடியிருக்கறது?"

தேவசகாயம் அண்ணன்

இடுக்கியில் எனக்கென்று ஒரு மனிதர் உண்டென்றால் அது தேவசகாயம் அண்ணன்தான். ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி. நான் பம்பைப் பிரித்தால் பாலில்லாத கட்டஞ்சாயாவோடு வந்து வேனின் படியில் உட்கார்ந்துகொள்வார். அதிகம் பேசமாட்டார். என்னுடைய 'ங்க'வைக் கேட்டு மட்டும் சிரிப்பார். அவருடைய மனைவி எஸ்தர் அக்கா, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது எனக்கும் சேர்த்துக் கறி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அவர்களுடைய இரண்டு பெண்களும் கல்யாணமாகித் தேனிப் பக்கம் போய்விட்டார்கள். வீட்டில் அவர்கள் இருவர்தான்.

ஒரு மழைநாள் காலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். தேவசகாயம் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்றார். தோட்டத்து ஜீப் வேறு பகுதிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். கையிலிருந்த வண்டி என்னுடையதுதான். தோட்டமோ பெரிய பள்ளத்துக்குள். மெயின் ரோட்டைத் தொட வேண்டுமென்றால் செங்குத்தாக ஏறியே ஆகவேண்டும். அவரைப் பாயில் படுக்கவைத்தோம். எஸ்தர் அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஏற்றத்தின் அடியில் வண்டி திணறி நின்றுவிட்டது. நான் இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்து, கையில் கிடைத்ததை எல்லாம் வெளியே தள்ளினேன். கூட வந்தவர்கள் கம்ப்ரசரையும் ஜெனரேட்டரையும் இழுத்து மழையில் போட்டார்கள். மேசையும் போனது. பட்டறை முழுக்க ரோட்டோரம் கிடந்தது. அதற்குப் பிறகுதான் வண்டி நகர்ந்தது. நகர்ந்தது என்றுதான் சொல்லமுடியும். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுக்கவே இல்லை. எஞ்சின் கத்தியது, டயர் சேற்றில் வழுக்கியது, பக்கத்துப் புல்கூட மெதுவாகத்தான் பின்னால் போனது. பின்னால் அவர்கள் இருவரும் ஏதோ பேசுவது மட்டும் தெரிந்தது. அவர் சொல்கிறார், அக்கா குனிந்து கேட்கிறார். எஞ்சின் இரைச்சலில் எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை.

மெயின் ரோட்டில் ஏறியதும் ஆரன் அடித்துக்கொண்டே பறந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஏற்றம் முடிந்ததுமே அவர் போய்விட்டார். எஸ்தர் அக்காவுக்கு அப்போதே தெரியும். என்னிடம் சொல்லவில்லை. நான் அவ்வளவு வேகமாக ஓட்டியது யாருக்காக என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடக்கம் முடிந்து நாலைந்து நாள் கழித்து, நனைந்து கிடந்த சாமான்களை எடுக்கத் தோட்டத்துக்குப் போனேன். யாரோ தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தார்கள். அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும், வேறு வண்டியாக இருந்திருந்தால் கொஞ்சம் முன்னாடியே போயிருக்கலாம் அக்கா என்றேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சாப்பாடு போட்டார். நான் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னார்:

"அவுக வாயத் தொறந்து பேசற ஆளா தம்பி? கல்யாணம் கட்டுன நாள்லேருந்து பேசாததெல்லாம் அந்த ஏத்தத்துலதான் எங்கிட்டப் பேசினாக."

சாயா

அடுத்த வாரமே பெரிய எஞ்சினுக்குச் சொல்லிவிட்டேன். அக்கா சொன்னதை நான் ஆறுதலுக்குச் சொன்னதாக நினைக்கவில்லை. உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் இன்னொரு நாள் இன்னொருவரை அந்தப் பாயில் படுக்கவைக்க வேண்டி வந்தால், மறுபடி சாமான்களை ரோட்டில் தள்ளிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

புது வண்டி நன்றாகவே இழுக்கிறது. முழு லோடோடு மறையூரிலிருந்து ஏறும்போதும் மூன்றாவது கியரிலேயே போகிறது. சத்தம் இல்லை, சூடு இல்லை. பழைய வண்டி பாதி ஏற்றத்தில் கொதித்துவிடும். அதற்கென்றே அங்கே ஒரு வளைவில் இருக்கிற ஜோசேட்டன் சாயாக்கடை ஓரம் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவிட்டு, அவரோடு மழையையும் யானையையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். ஜோசேட்டனுக்கும் என்னைப்போல வீட்டில் ஆள் இல்லை. மகன் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறான். புது வண்டி வந்த பிறகு அந்த வளைவு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாமல் மேலே போய்விடுகிறேன். இரண்டு மூன்று நடை இப்படிப் போய்விட்டது. நிறுத்தக் காரணம் இல்லை என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் நினைக்கவில்லை.

நாலாவது நடையில் அவர் கடைக்கு வெளியே ரோட்டிலேயே நின்றிருந்தார். கையைக் காட்டி நிறுத்தினார். என்னமோ ஏதோ என்று பதறி இறங்கினேன். ஒன்றுமில்லை. புது வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தார், டயரைத் தட்டிப் பார்த்தார். பானெட்டில் கைவைத்துச் சூடு பார்த்தார். பிறகு உள்ளே போய் அடுப்பை ஊதிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"எஞ்சின் சூடாகலைன்னா எந்தா? சாயா சூடாத்தானே இருக்கு, நிறுத்திட்டுப் போ மோனே."

ஆகவே, சின்னதா பெரியதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லமுடிவது இதுதான்: பெரிய எஞ்சின் எடுத்தால், ஆளில்லாத வீட்டுக்கு வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிடலாம்.