தடுப்புத் துப்பாக்கி விதியில் விடுபட்ட வரி

தோற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துவராது. கரம் விளையாட்டில் தோற்றாலும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவேன். இந்தக் குணத்தோடு நாற்பத்தைந்து வயதில் ரோபோ யுத்தம் ஆட உட்கார்ந்தேன் பாருங்கள், அதைச் சொல்லவேண்டும்.

லண்டனில் இருக்கும் என் தங்கை அனுப்பிய விளையாட்டுப் பெட்டி அது. அறுகோணக் கட்டங்கள் போட்ட பலகை, விரல் உயரத்தில் பிளாஸ்டிக் ரோபோக்கள், பகடை, தலையணை மொத்தத்தில் ஓர் ஆங்கில விதிப்புத்தகம். கூட ஆட ஆள் வேண்டுமே? கண்டி டவுனில் நான் பிரஷர் குளிசை வாங்கும் பார்மசியில் வேலை செய்தவர்தான் அகப்பட்டார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், ஏறக்குறைய என் வயது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அரசாங்க உத்தியோகத்தன் என்பதால் என்னை 'சார்' என்றே கூப்பிட்டார். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் அம்பிட்டியவிலுள்ள என் வீட்டுக்கு வருவார். வாயில் நுழையாத மருந்துப் பெயர்களைக் கடகடவென்று வாசிப்பவருக்கு, அந்தப் புத்தகத்தின் நீண்ட ஆங்கில வசனங்கள் கொஞ்சம் சிக்கல். ஆகவே விதிகளை ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமையும்கூட.

அவருக்குப் பிடித்தது வழிகாட்டி ஏவுகணை. எதிரி ரோபோவில் ஒரு குறிகாட்டியை ஒட்டிவிட்டால் ஏவுகணைகள் கூட்டமாக அதைத் தேடி வரும். அதற்கு மாற்று என் தடுப்புத் துப்பாக்கி. வருகிற கூட்டத்தை அது தானாகவே சுடும். பகடை நன்றாக விழுந்தால் பெரும்பாலானவை வழியிலேயே அழியும். ஆனால் ஒரு சுற்றில் ஒரு கூட்டத்தைத்தான் அதனால் சுடமுடியும். இரண்டாவது கூட்டம் வந்தால் அது நேரே நெஞ்சில் விழும்.

இந்தக் கடைசி விதி கொப்பியில் இல்லை. முதலில் அது தெரியாமல் விடுபட்டதுதான். முதல் மாதத்திலேயே கண்டுபிடித்து, புத்தகத்தில் அந்த வரிக்குப் பென்சிலால் கோடும் போட்டேன், ஞாயிறன்று சொல்லலாமென்று. அந்த ஞாயிறு பார்த்தால், அவர் தன் ரோபோவின் இரண்டு தோளிலும் ஏவுகணைப் பெட்டிகளோடு வந்து நிற்கிறார். விதி தெரியாமலே சரியான வழியைப் பிடித்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கூட்டத்தையுமே தடுப்புத் துப்பாக்கியால் சுடப் பகடை உருட்டினேன், வென்றேன்.

அதற்குப் பிறகு சொல்வது கிழமைக்குக் கிழமை கஷ்டமாகிப் போனது. ஒன்றரை வருஷம் அவர் தோற்றார். "நமக்கு மூளை பத்தாது சார்" என்று சிரிப்பார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். ஒருநாள் இடது தோளிலிருந்த ஏவுகணைப் பெட்டியைப் பிளேடால் அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் தடுப்புத் துப்பாக்கியை ஒட்டிக்கொண்டு வந்தார். "இனி சார் மாதிரியே ஆடிப் பாக்குறேன்." நான் பகடையை எடுத்து வைத்தேன். அன்றும் சொல்லவில்லை.

போன மாதம் கொழும்பில் இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் கூடினார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் கொப்பியோடு தனியே ரயிலேறினார். திரும்பி வந்த ஞாயிறு கதிரை நுனியில் உட்கார்ந்து சொன்னார்.

"தடுப்புத் துப்பாக்கி ஒரு கூட்டத்ததான் சுடும்னு அங்க ஒருத்தரு சொன்னாரு சார். எங்க சார் எழுதினது தப்பா இருக்காதுன்னு நான் சண்டையே போட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அவங்க புத்தகம் வேற பதிப்பா இருக்கும். உங்களோடதுல அப்படி இல்லதானே?"

ஓம், அப்படி இல்லை என்று சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவர் எனக்காகச் சண்டை போட்டிருக்கிறார் என்ற நினைப்பில் வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்துபோய் அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன்.

விரல் வைத்து மெதுவாக வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்தப் பென்சில் கோடு யாரு போட்டது சார்?"

"நான்தான் போட்டனான்."

"எப்ப?"

"முதல் மாசமே. தோக்க எனக்கு மனம் வரேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பையிலிருந்து ரோபோவை எடுத்து, இடது தோளில் பிளேடு கீறின இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் மொதல்ல யோசிச்சது சரிதான்" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் விதிப்புத்தகத்தை மூடிக் கையில் எடுத்தார்.

"இத நான் கொண்டு போறேன். மெதுவா நானே படிச்சிக்கிறேன்."

கொப்பியை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுப் படியிறங்கினார்.