ஒரு முழம் சாய்ந்த கொட்டகையும் ஹெஸ்டர் ப்ரீஸும்

இன்று காலை மழையில் நனைந்துகொண்டே போய் நான் சந்தித்தவர் ஹெஸ்டர் ப்ரீஸ். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை எழுதுகிறேன், பூட்ஸைக்கூட இன்னும் கழற்றவில்லை.

ஹியர்ஃபோர்ட்ஷயரில் எங்கள் ஊருக்கு மேலே, ஆப்பிள் தோப்பைத் தாண்டினால் அவருடைய குத்தகைப் பண்ணை. வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போய் பஸ் ஓட்டினார். மேலதிகாரியிடம் வாய் கொடுத்ததில் வேலை போயிற்று. திரும்பி வந்து இரண்டு பெரிய இழுவைக் குதிரைகளை வாங்கினார். டிராக்டர் ஏறாத சரிவுகளில் வெட்டிய மரங்களை அவற்றைக் கொண்டு இழுத்து இறக்குவதுதான் பதினைந்து வருடமாக அவர் பிழைப்பு.

குதிரைகள் நிற்பது நானூறு வருடத்து ஓக் கொட்டகையில். ஒரு பாதி லாயம், மறுபாதி வைக்கோல். தூணும் உத்தரமும் மர ஆணியிலேயே கோத்து நிற்கின்றன. தோப்புப் பக்கமாக ஒரு முழம் சாய்வு. இணைப்புகளைப் படம் எடுக்கத்தான் போனேன். பண்ணைக்குச் சொந்தக்காரரான எஸ்டேட் அனுப்பிய சர்வேயர் லாங்ஃபோர்டும் அதே நேரம் வந்து நின்றார்.

“சாய்வு கூடிக்கிட்டே போகுது, மிஸஸ் ப்ரீஸ். ஒரு மாசத்துல காலி பண்ணிடுங்க.”

“மிஸஸ் எல்லாம் இல்ல. கூடுதுன்னு எப்படிச் சொல்றீங்க? நீங்க இதைப் பாக்குறதே இன்னிக்குத்தானே?”

“பாத்தாலே தெரியுதே.”

“உங்க தொப்பைகூடத்தான் முன்னாடி சாஞ்சிருக்கு. கூடுதா குறையுதான்னு ஒரு தடவை பாத்து நான் சொல்லிட முடியுமா?”

நான் சட்டென்று குதிரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், நினைத்த மாதிரி பிரிக்க முடியாது. ‘ஆபத்து’ என்று ஓர் அறிக்கை வந்துவிட்டால் பிரிக்கலாம். சுற்றுவட்டாரத்தில் வேறு லாயம் இல்லை. இது போனால் குதிரைகள் போகும், குதிரைகள் போனால் ஹெஸ்டரின் வேலையும் போகும்.

ஹெஸ்டர் துடைப்பத்தை எடுத்து ஒரு மூலையில் வைக்கோலைத் தள்ளினார். அடியில் கல்தரை. அதில் ஆணியால் கீறிய கோடுகள், பக்கத்தில் பொடிப்பொடியாக வருடங்கள். முதல் கோடு 1974.

“அப்பவும் உங்கள மாதிரி ஒருத்தர் வந்து, ரெண்டு வருஷத்துல விழுந்துடும்னாரு. எங்கம்மாவுக்கு வந்துச்சு பாருங்க கோவம். அந்த உத்தரத்துலேருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது நின்ன இடத்துல கீறிட்டாங்க. வருஷா வருஷம் ஆப்பிள் பறிச்சு முடிஞ்ச மறுநாள் இந்த வேலைதான். இப்போ நான். சொன்னவர் போய்ச் சேர்ந்தே பதினாறு வருஷமாச்சு. கொட்டகை நிக்குது.”

நான் குனிந்து பார்த்தேன். ஐம்பதுக்கு மேல் கோடுகள், எல்லாம் என் கட்டைவிரல் அகலத்துக்குள்.

லாங்ஃபோர்ட் தாமே ஏணியில் ஏறிக் குண்டைத் தொங்கவிட்டார். அது ஆடி ஆடி, கோடுகளுக்கு நடுவே வந்து நின்றது.

“இதை ஆதாரமா எடுத்துக்க மாட்டாங்க,” என்றார். “எல்லாத்தையும் நேத்து ராத்திரி உக்காந்து கீறியிருக்கலாமே.”

“இந்தாங்க ஆணி. இன்னிக்கு நீங்களே கீறுங்க. பேரும் போடுங்க. அடுத்த வருஷம் வந்து பாருங்க, நான் இங்கதான் இருப்பேன்.”

அவர் ஆணியை வாங்கவில்லை. “அறிக்கையை வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும்.”

“தாராளமா அனுப்புங்க. குதிரைங்களுக்குப் படிக்கத் தெரியாது, அதுங்க எங்கயும் போகாது.”

கார் கிளம்பியதும் ஹெஸ்டர் என்னிடம் சொன்னார்: “கோடு செல்லாதாம் கண்ணு. அப்போ வேற எதாவது காட்டணும். இந்தக் கொட்டகையில எத்தனை கல்யாண விருந்து நடந்திருக்கு. யார்கிட்டயாவது ஃபோட்டோ இருக்காதா? அப்பவும் இதே சாய்வுதான்னு அதுல தெரியுமே.”

அதனால்தான் கேட்கிறேன். உங்கள் அலமாரியையும் பரணையும் கிளறுங்கள். ப்ரீஸ் கொட்டகையின் தோப்புப் பக்கச் சாய்வு தெரிகிற பழைய படம் எதுவானாலும், தேதியோடு எனக்கு அனுப்புங்கள். வியாழனுக்குள் வேண்டும். இதை மற்றவர்களுக்கும் அனுப்புங்கள், முக்கியமாக ஊரைவிட்டுப் போனவர்களுக்கு.