பட்டியலில் இல்லாத ஏழாவது ஆள்

காலை 11.40. ஹவுராவில் இறங்கினேன். சென்னையிலிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பேச்சுத் துணைக்கு ஒரு நாதி இல்லை. நான் பதினோரு வருஷம் என்ஜின் அறையில் வேலை பார்த்த கடலோரக் காவல் ரோந்துக் கப்பலுக்கு இன்று மாலை ஓய்வு. கொடியை இறக்குமுன் கப்பலின் பணி வரலாற்றை வாசிப்பது வழக்கம். அதில் ஒரு வரியைத் திருத்தச் சொல்லத்தான் வேலை மெனக்கெட்டு வந்தேன்.

லேக் கார்டன்ஸுக்கு டாக்சி 450 ரூபாய். அறை வாடகைக்கு விடும் ஜானகி மாமி வீட்டு மாடியில் தங்கல். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவாசி. சாம்பாரில் சர்க்கரை போடும், கப்பலை 'ஜாஹாஜ்' என்னும் அளவுக்கு வங்காளியாகிவிட்டவர்.

"ஒரு ஜாஹாஜைப் பாக்கவா இத்தனை தூரம்? ஆத்துல ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லுறதுக்கு யாரும் இல்ல மாமி."

அவர் இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்.

2.30. அலிப்பூர் வழியாகக் கார்டன் ரீச். ஒன்பது கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். ஜெட்டியில் கப்பல் நின்றது. படுத்த கிழவனுக்கு மாப்பிள்ளை வேஷம் கட்டியதுபோல் புதுப் பெயின்ட். பழைய ஆட்கள் எல்லோருக்கும் அழைப்பு போயிருந்தது, ஆனால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பின்தளத்தில் தனியாக நின்றேன்.

கப்பல் தமிழ்நாட்டுக் கடலில் இருந்த காலத்தில் அங்கேதான் அது நடந்தது. புயலில் மூழ்கிய விசைப்படகிலிருந்து ஆறு பேரை ஏற்றினோம். கயிறு இழுக்க என்னையும் மேலே அழைத்திருந்தார்கள். ஏழாவதாகத் தண்ணீரில் ஒரு கை தெரிந்தது. நான் வீசிய கயிறு எட்டவில்லை. கேப்டன் கேட்டபோது படகுக்காரர்கள், "நாங்க ஆறு பேருதான்" என்றார்கள். படகு கிளம்புமுன் ஆட்களின் பெயரை எழுதித் தரும் துறைமுக டோக்கனிலும் ஆறு பெயர்தான். கடைசி நேரத்தில் ஏறுகிறவனை எழுதாமல் கூட்டிப்போவது அவர்களிடம் சகஜம். ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவன் போயிட்டாம்ணே. சொன்னா படகுக்கு வர்ற நஷ்டஈடும் போயிரும்."

நான் வாயைத் திறக்கவில்லை. தேடுவதை அத்தோடு நிறுத்தினார்கள். அவன் உண்மையிலேயே போய்விட்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

4.15. வாசிக்கப்போகும் தாளை வைத்திருந்தவர் கடலூர்க்கார இளம் அதிகாரி. "படகில் இருந்த ஆறு பேரும் மீட்கப்பட்டனர்" என்று அச்சாகியிருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தட்டிக்கழிப்பார் என்று நினைத்தேன், திட்டுவார் என்றும் நினைத்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"பெரிய அதிகாரிகிட்ட நானே பேசுறேன் சார். சேர்த்துடலாம். அந்த ஏழாவது ஆள் பேர் என்ன?"

கயிற்றின் கனம், அலையின் உயரம், அந்தக் கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு எல்லாம் நினைவிருக்கிறது. அந்த ஆறு பேரோடு கரை சேரும்வரை ஒரே தளத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன் நான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

"தெரியாது சார்" என்றேன்.

"பேர் இல்லாம எப்படி சார் சேர்க்குறது?" என்றார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

சூரியன் இறங்கும் நேரத்தில் வரலாற்றை வாசித்தார்கள். ஆறு பேரும் மீட்கப்பட்டனர் என்ற இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார். நானும் தட்டினேன்.