காப்புக்கு மேல் கட்டிய கடிகாரம்

என் இதயம் நிமிடத்துக்கு நூற்று எழுபத்திரண்டு முறை துடிக்கிறது என்று என் கைக்கடிகாரம் சொன்ன நேரத்தில் நான் பாடிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தேன். முணுமுணுப்பு இல்லை, வாய்விட்டுப் பாட்டு. திருநகரில் காலை ஆறு மணிக்கு நாய்களும் பால்காரரும் மட்டும்தான் கேட்பார்கள் என்ற தைரியம். கடிகாரம் கீச்சுக் கீச்சென்று கத்தியதும் பாட்டு நின்றது. ஓட்டத்தை நிறுத்தி நடந்தேன். ஐந்தாறு அடி வைப்பதற்குள் எண் நூற்றுப் பன்னிரண்டுக்கு விழுந்தது.

எனக்கு நாற்பத்தாறு வயது. பள்ளியில் கணக்கு டீச்சர். ஐந்து மாதங்களுக்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடினாலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுகிறேன்! இதை யாரைப் பார்த்தாலும் சொல்லிவிடுகிறேன், காய்கறிக்காரர் உட்பட. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். பெயர் கொடுத்தாகிவிட்டது, பனியனும் வந்துவிட்டது. அதை பீரோவில் வைத்துவிட்டு, நாளுக்கு நான்கு முறை திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிகாரத்தை வாங்கித் தந்தது என் கணவர். அன்பளிப்பு என்று சொன்னாலும் அது காவல்காரன் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய அண்ணன் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் சாய்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அதனால் நான் ஓடப்போகிறேன் என்றதும் முதலில் டாக்டரிடம்தான் கூட்டிப்போனார். நெஞ்சு முழுக்க ஒயரை ஒட்டி, ஓடும் பட்டையில் ஓடவிட்டுப் பார்த்த டாக்டர், "தாராளமா ஓடுங்கம்மா. நெஞ்சு வலி, தலை சுத்தல் வந்தா மட்டும் நிப்பாட்டிட்டு வாங்க" என்றார். என் கணவருக்கு அது போதவில்லை. கடிகாரத்தைத் தன் போனோடு இணைத்து, நூற்று அறுபத்தைந்தைத் தாண்டினால் அது கத்தும்படி வைத்தார். அந்த நூற்று அறுபத்தைந்தை அவருக்கு யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று காலை நான் வீட்டுக்கு வந்தபோது இட்லித் தட்டு முன்னால் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நூத்தி எழுபத்திரண்டு" என்றார்.

"நான் பாடிக்கிட்டுல்லங்க ஓடுனேன். மூச்சே வாங்கல."

"எங்க அண்ணனும் அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டுத்தான் ஆடுனாரு."

அவர் இட்லியைத் தொடவில்லை. "இனிமே ஓட்டம் கிடையாது. ஞாயித்துக்கிழமையும் கிடையாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

பள்ளிக்கூடத்தில் அன்று முழுக்க ஒரே யோசனை. நிமிடத்துக்கு நூற்று எழுபத்திரண்டு துடிக்கிற இதயம், ஐந்தாறு அடி நடந்ததும் நூற்றுப் பன்னிரண்டுக்கு எப்படி இறங்கும்? இதயம் என்ன, சுவிட்சா? இருபது வருடமாகக் கணக்கு சொல்லித்தருகிறேன், ஒரு விடை தப்பாக இருந்தால் பார்த்த மாத்திரத்தில் மூக்கில் வேர்க்கும். இதுவும் தப்பான விடை என்று மூக்கு சொல்லிவிட்டது. தப்பு எந்த வரியில் நடந்தது என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை மொட்டை மாடிக்குப் போனேன். தெருவில்தானே ஓடக்கூடாது! துணிக்கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து வட்டமாக ஓடினேன். கடிகாரம் மறுபடியும் நூற்று எழுபத்திரண்டு காட்டிக் கத்தியது. உடனே நின்று, கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பதினைந்து விநாடி எண்ணினேன். முப்பத்தாறு. நாலால் பெருக்கினால் நூற்று நாற்பத்து நான்கு. கடிகாரம் இருபத்தெட்டைக் கூட்டிச் சொல்கிறது. அந்த இருபத்தெட்டு எங்கிருந்து வந்தது?

மறுபடி ஓடினேன். ஏன் என்று தெரியாது, இந்தத் தடவை என் கால்களை எண்ணினேன். பதினைந்து விநாடியில் நாற்பத்து மூன்று அடி. நாலால் பெருக்கினேன்.

நூற்று எழுபத்திரண்டு!

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அம்மா வற்றல் காயப்போடுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். நடந்து பார்த்து எண்ணினேன், இருபத்தெட்டு அடி, நூற்றுப் பன்னிரண்டு. கடிகாரம் என் இதயத்தை எண்ணவே இல்லை. என் காலடியை எண்ணிக்கொண்டிருக்கிறது!

கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்ததும் காரணம் பல்லைக் காட்டியது. வெள்ளிக்கிழமைதான் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தேன், பால்குடம் எடுப்பதாக நேர்த்தி. பெண்களுக்கு இடது கையில்தான் கட்டினார்கள். மஞ்சள் நூல், அதில் விரல் நுனி பருமனுக்கு ஒரு மஞ்சள் துண்டு. திருவிழா முடியும்வரை அதைக் கழற்றக்கூடாது என்பது அம்மன் உத்தரவு. கடிகாரத்தைக் கழற்றக்கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு. இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளாமல், காப்புக்கு மேலேயே கடிகாரத்தைக் கட்டியிருந்தேன். அடியில் பச்சை வெளிச்சம் அடித்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற கண், மஞ்சள் துண்டின் மேல் ஏறி உட்கார்ந்து, தோலைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே எதுவும் தெரியாததால், ஓட்டத்தின் குலுக்கலையே நாடி என்று பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் காப்புக் கட்டிய முப்பது பெண்களில் இந்தக் கூத்தை அடித்தது நான் ஒருத்திதான்.

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன். கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பாதி முகம் நுரையோடு கேட்டுவிட்டு, "மஞ்சத் துண்டு மேல பழியப் போடாத" என்றார்.

சரி, நிரூபித்துத்தான் ஆக வேண்டும். என்னோடு ஓடுகிற பக்கத்துத் தெருத் தங்கச்சி, வங்கியில் வேலை பார்ப்பவள், நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று வைத்திருக்கிறாள். இதயத்தின் மின்துடிப்பை நேராக வாங்கி எண்ணுகிற பட்டை. "கொண்டு போங்க டீச்சர். ஆனா ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும்" என்று கொடுத்தாள். புதன்கிழமை காலை நான் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓட, கணவர் பட்டையின் எண் தெரியும் போனை ஸ்கூட்டியின் முன்னால் சொருகிக்கொண்டு பக்கத்திலேயே வந்தார்.

"வாட்ச்ல நூத்தி எழுபது!" என்று கத்தினேன்.

"இதுல நூத்தி நாப்பத்தாறு" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இப்ப என் கால எண்ணுங்க!"

எண்ணினார். என் காலையே பார்த்து எண்ணிக்கொண்டு வந்ததில் ஒரு குப்பைத் தொட்டியை மோதப் பார்த்தார். ஆனால் கணக்கு சரியாக வந்தது. பிறகு கடிகாரத்தை வலது கைக்கு மாற்றினேன். கொஞ்ச தூரம் பட்டையோடு ஒத்துப்போனது. வியர்வை வழிந்து வார் வழுக்கியதும் தொண்ணூற்றெட்டு என்றது. பட்டையோ நூற்று ஐம்பது. அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"ஏன்டி, இது அந்தப் பக்கமும் பொய் சொல்லுதே. அப்ப நான் எத நம்பி உன்ன விடுறது?"

நான் ஜெயித்துவிட்டேன் என்று குதிக்கத் தயாராக இருந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். எண் தப்பு என்று காட்டினேனே தவிர, அவர் பயத்துக்கு நான் எதுவும் செய்யவில்லை.

இரவு சாப்பாட்டின்போது அவரே நிபந்தனை சொன்னார். பாதி வழியில், மாட்டுத்தாவணிப் பக்கம் அவர் நிற்பார். நான் நிற்க வேண்டும். கழுத்தில் விரல் வைத்து, நான் மாடியில் செய்த மாதிரியே பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவார். நூற்று அறுபத்தைந்தைத் தாண்டினால் ஸ்கூட்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சம்மதம் என்றேன். அடுத்த மூன்று நாளும் தன் கழுத்தில் விரலை வைத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை! எத்தனை பேர், எத்தனை நிறப் பனியன்கள்! விசில் ஊதியதும் எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் காணாமல் போனாள். கடிகாரம் வீட்டிலேயே கிடந்தது, கையில் காப்பு மட்டும். பூ மார்க்கெட்டுக்கு மூட்டை மூட்டையாக மல்லிகை இறங்கிக்கொண்டிருந்தது, அந்த வாசனைக்குள்ளேயே ஓடி வந்தேன். தண்ணீர் பாட்டிலோடு சாலையோரம் அவர் நின்றிருந்தார்.

"நில்லு."

நின்றேன். கழுத்தில் இரண்டு விரல். மறு கையில் போன், அதில் விநாடிகள் ஓடின. அவர் உதடு அசைந்தது. என்னைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். அவர் முகத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. ஐந்து மாத உழைப்பும் அந்தப் பதினைந்து விநாடிக்குள் கிடந்தது.

"எம்புட்டுங்க?"

"நூத்தி அம்பத்து மூணு. போ."

"நெசமாவா?"

"போடி, நேரமாகுது!"

பறந்தேன். ஏழாவது கிலோமீட்டர் வரை சந்தோஷத்தில் தரையே தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. நாலால் பெருக்கினால் நூற்று ஐம்பத்து மூன்று எப்படி வரும்? வரவே வராதே! நடுச் சாலையில் தனியாகச் சிரித்தேன். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஓரமாக நின்று நானே விரல் வைத்து எண்ணிக்கொண்டேன். முப்பத்தொன்பது. பயமில்லை. மீதித் தூரத்தையும் ஓடினேன்.

முடிவுக் கோட்டில் பதக்கத்தை மாட்டிவிட்டார்கள். அவர் ஸ்கூட்டியில் சுற்றி வந்து எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தார். இளநீரை என் கையில் கொடுத்தார்.

"நாலால பெருக்குனா நூத்தி அம்பத்து மூணு வராதுங்க" என்றேன். "உண்மையச் சொல்லுங்க. எம்புட்டு எண்ணுனீங்க?"

எங்கோ பார்த்தார்.

"எங்க எண்ணுனேன்? எனக்குத்தான் கை நடுங்குச்சு. ஒரு துடிப்புகூடத் தெரியல. நீ பாட்டுக்கு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்ன. வீட்டுக்குப் போலாம்னு சொல்ல வாய் வரல."