இரண்டு மூக்கு மரக்கரண்டி: சிட்லபாக்கத்துக்கு ஒரு ஞாயிறு

இந்தப் பக்கத்தில் நான் கடைசியாக எழுதியது ஏலகிரி போய் வந்த கதை. அது போன வருடம் ஆகஸ்டில். அப்புறம் ஏன் எழுதவில்லை என்று பின்னூட்டத்தில் சிலர் கேட்டிருந்தீர்கள். அக்டோபரில் கல்பனா இறந்துவிட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பதினோரு நாள். ஏலகிரிப் படங்களில் பைக் மேல் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பாளே, அவள்தான் என் மனைவி. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

இது பயணக் கட்டுரைதான். சைதாப்பேட்டையிலிருந்து சிட்லபாக்கம், சுமார் பதினைந்து கிலோமீட்டர். ஏலகிரியின் பதினான்கு வளைவுகளையும் பைக்கில் ஏறி இறங்கி மறுநாள் வேலைக்குப் போனவன் நான். இந்தப் பதினைந்து கிலோமீட்டருக்கு, ஞாயிறுக்கு முன்னும் பின்னுமாக, இரண்டு நாள் லீவு போட வேண்டியிருந்தது.

சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் ஞாயிறுதோறும் பதினைந்து இருபது பேர் கூடி மரம் செதுக்குகிறார்கள். தொழிலாக இல்லை, பொழுதுபோக்காக. கல்பனா குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் வகுப்பில் படித்த பெண்ணின் அம்மா பர்வீன் அக்கா அவளை அங்கே இழுத்துவிட்டார். பர்வீன் அக்கா குடும்பத்துக்குத் தாம்பரத்தில் மரவாடி. அறுத்து மிஞ்சும் துண்டுகளை எல்லாம் கோணியில் கட்டி இங்கே கொண்டு வந்துவிடுவார். ஏலகிரி போன வாரம் தவிர, ஏழு மாதம் ஒரு ஞாயிறு விடாமல் கல்பனா போனாள். ஒவ்வொரு ஞாயிறும் "நீயும் வாயேன்" என்பாள். "அடுத்த வாரம்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அங்கே ஒரு வழக்கம். ஒருவர் முதன்முதலில் செய்யும் கரண்டி வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரு வருடம் அந்த ஷெட்டிலேயே தொங்க வேண்டும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அதில்தான் பரிமாறுவார்கள். நடுவில் விரிசல் விட்டால் அடுப்புக்குப் போய்விடும்; வேறு செய்ய வேண்டும். கல்பனா போன செப்டம்பரில் தன் கரண்டியை முடித்தாள். அவள் கையால் செய்து முடித்த பொருள் அது ஒன்றுதான். வீட்டில் அவளுடைய மற்றதெல்லாம் கடையில் வாங்கியவை.

போன வாரம் பர்வீன் அக்கா போன் செய்தார். "தம்பி, கல்பனாவோட கரண்டிக்கு வர்ற ஞாயித்துக்கிழமையோட ஒரு வருஷம் ஆகுது. வெடிக்கல, நல்லாத்தான் இருக்கு. வந்து வாங்கிட்டுப் போங்க."

சனிக்கிழமையே ஹாலில் அவள் போட்டோவுக்குப் பக்கத்தில் டிரில் போட்டு ஒரு கொக்கி மாட்டினேன். ஆறு மில்லிமீட்டர் பிளக், தரையிலிருந்து 1650 மில்லிமீட்டர் உயரம். கரண்டி எப்படி இருக்கும் என்று எனக்கு மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். அதன் வரைபடத்தைப் போட்டதே நான்தான்; என் வேலை டூல் டிசைன். அவள் செய்தது செய்தபடி அந்தக் கொக்கியில் தொங்க வேண்டும். நான் கிளம்பியது அதற்காக மட்டும்தான்.

காலை 8:12 தாம்பரம் வண்டி. டிக்கெட் ஆறு ரூபாய். ஞாயிறு என்பதால் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். தாம்பரம் வரை போகாமல் அதற்கு முந்தின ஸ்டேஷனான தாம்பரம் சானடோரியத்தில் இறங்க வேண்டும். 8:39க்கு இறங்கினேன். படியேறிக் கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் ஆட்டோ நிற்கும்.

"சிட்லபாக்கமா? நாப்பது குடு சார்."

"ரெண்டு கிலோமீட்டருக்கா?"

"வரசொல்ல காலியா வரணுமே சார்."

"நான் நடந்துக்கறேன்."

"நட சார், நட. டாக்டருக்குக் குடுக்கற துட்டு மிச்சம்."

அவருக்கு என்ன தெரியும். நடந்தேன், முப்பத்தைந்து நிமிடம். உங்களுக்கு இருபத்தைந்து போதும். நான் இரண்டு இடத்தில் சும்மா நின்றேன். ஏரிக்கரையில் ஒரு டீக்கடை, டீ மூன்று ரூபாய், ருசி சுமார். ஏரியில் பாதிக்கு ஆகாயத் தாமரை. வாக்கிங் முடித்த பெரியவர்கள் கரையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஷெட்டைக் கண்டுபிடிப்பது சுலபம், சத்தம் தெருமுனைக்கே கேட்கும். வீடு வரதன் சாருடையது. டெலிபோன் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காரை வெயிலில் நிறுத்திவிட்டு ஷெட்டை இவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். போனதும் ஒரு விதி சொன்னார்: யாருக்கு ரத்தம் வருகிறதோ அவர் செலவில் எல்லோருக்கும் பஜ்ஜி. அன்று அவர் கட்டைவிரலிலேயே பிளாஸ்திரி. பஜ்ஜி வந்தாகிவிட்டது.

பர்வீன் அக்கா எழுந்து வந்தார். "உக்காருங்க தம்பி. அன்னிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்க என்னப் பாக்கல."

எனக்கு நினைவில்லை. அன்றைக்கு வந்த யாருமே நினைவில்லை.

இங்கே வேடிக்கை பார்க்க உட்கார முடியாது. கையில் ஒரு வேப்பங்கட்டையும் உப்புத்தாளும் கொடுத்துவிடுவார்கள். நான் குறுக்கே தேய்த்தேன். "ரேகை ஓடுற பக்கமாத் தேய்ங்க தம்பி" என்று பர்வீன் அக்கா திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் முருகேசன் ஒரு பறவை செதுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், மாடம்பாக்கத்துக்காரர். அப்பா காலத்தில் பயிர் வைத்த நிலத்தில் இப்போது வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"இன்னா பறவைன்னு சொல்லு சார், பாப்போம்" என்றார்.

தெரியவில்லை என்றேன்.

"கூழைக்கடா சார். பள்ளிக்கரணைல போய் ரெண்டு நாளு குந்திப் பாத்துட்டு வந்து செய்யறேன்."

"போன மாசம் இதே கட்டையத்தான் வாத்துன்னான்," என்றார் வரதன் சார். "அந்த அலகு ஒடையட்டும், கோழின்னுடுவான்."

"ஒடையட்டும் சார். உங்க தலைல வெச்சு ஒட்டிக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். மணி பார்த்தபோது பன்னிரண்டரை. மூன்று மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்கு இப்போதெல்லாம் ஃபேக்டரியிலும் அப்படித்தான் ஆகிறது.

சாப்பாட்டு நேரத்தில் பர்வீன் அக்கா சுவரில் தொங்கிய கரண்டி வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். "இன்னிக்கு நீங்கதான் பரிமாறணும். வருஷம் முடிஞ்ச கரண்டிய, அதோட ஆளு கடைசியா ஒரு பந்தி பரிமாறிட்டுத்தான் எடுத்துட்டுப் போவாங்க. கல்பனாவுக்குப் பதிலா நீங்க."

பூவரச மரம். காம்பு 280 மில்லிமீட்டர். குழம்புக் கறை ஏறிக் கறுத்திருந்தது. அதைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் குழிவின் விளிம்பில் ஊற்றுவதற்கான மூக்கு இரண்டு இருந்தது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. அவள் செய்தது ஒரு மூக்குதான், வலப்பக்கம். இடப்பக்கத்து மூக்கு வேறு கை வெட்டியது. உளி வேறு, சாய்வு வேறு. அளந்து பார்க்காமலே தெரிந்தது.

"இதை யார் வெட்டினது?" என்றேன். குரல் சத்தமாக வந்துவிட்டது. பதினோரு மாதத்தில் நான் யாரிடமும் சத்தம் போட்டதில்லை.

முருகேசன் எழுந்து நின்றார். "நான்தான் சார்."

"அவ செஞ்சது இது. ஏங்க இதுல போய் கை வெச்சீங்க?"

"டீச்சரு ஆஸ்பத்திரில கீறாங்கன்னு அக்கா சொல்லிச்சு சார். காய்ச்சல்தான், வந்துடுவாங்கன்னு நெனச்சேன். செவுத்துல படம் கீது, பாரு. படத்துல மூக்கு இந்தாண்ட. கரண்டில அந்தாண்ட. சர்தான், டீச்சரு மாத்தி செதுக்கிட்டாங்க போலக்கீது, திரும்பி வரசொல்ல சரியா இருக்கட்டுமேன்னு..." பிறகு சொன்னார்: "வந்து என்னைத் திட்டுவாங்கன்னுதான் சார் பாத்துகினு இருந்தேன்."

சுவரில் உறுப்பினர்கள் கொண்டு வந்த வரைபடங்களை எல்லாம் வரதன் சார் வரிசையாக ஒட்டியிருந்தார். நடுவில் நான் போட்ட கரண்டி வரைபடம். கீழே கட்டத்துக்குள் வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயர். பக்கத்தில் ரிவிஷன் 0, அதாவது திருத்தம் எதுவும் செய்யாத முதல் படம். மூக்கு இடப்பக்கம்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். கரண்டியை வலது கையில் பிடித்தால் இடப்பக்கமாகச் சாய்த்துதான் ஊற்றுவோம். அதனால் மூக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இடது கைக்காரருக்கு வலப்பக்கம். கல்பனா இடது கைக்காரி. சின்ன வயதில் அவள் அம்மா அதட்டி அதட்டி, சாப்பிடுவதையும் பரிமாறுவதையும் வலது கைக்கு மாற்றிவிட்டார். யார் வீட்டில், எந்தப் பந்தியில் என்றாலும் வலது கைதான். அவள் இடது கையால் ஊற்றியது எங்கள் சமையலறையில் மட்டும். அங்கே அவளை யாரும் பார்ப்பதில்லை, நானும்தான். நான்கு வருடம் எனக்கு ரசம் ஊற்றியவளுக்கு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வலது கைக் கரண்டி வரைந்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அவள் பார்த்துவிட்டு, "நான் எந்தக் கைன்னு கூடத் தெரியாதா உனக்கு?" என்று சிரித்தாள். பேப்பரைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்தில் தெரிந்த கோட்டின் மேலேயே பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்துகொண்டாள். பார்த்துச் செதுக்கியது அந்தப் பின்பக்கத்தைத்தான். வரதன் சார் அச்சடித்த பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டிவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் ஒட்டுவார்கள். பழைய ரிவிஷனைக் கிழித்துப் போடு என்பது எங்கள் ஃபேக்டரியில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம்.

நான் சுவரிலிருந்து பேப்பரை உரித்துத் திருப்பிக் காட்டினேன். பென்சில் கோடு இருந்தது. "படம்தான் தப்பு," என்றேன். "வரைஞ்சது நான். நீங்க படத்துல இருந்தபடிதான் வெட்டியிருக்கீங்க."

முருகேசன் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலது கையாலதான சார் துன்னாங்க. உளிய அடிக்கற கொட்டாப்புளி மட்டும் எடது கைல புடிப்பாங்க. எனுக்கு இது தோணவேல்ல."

"எனக்கும் தோணல."

"அதே பூவரசுல ஒரு துண்டு மரவாடில கிடக்கு தம்பி," என்றார் பர்வீன் அக்கா. "அந்த மூக்க அடைச்சு ஒட்டித் தேய்ச்சுக் குடுத்திடலாம். ஒரு வாரம் ஆகும்."

கேட்டுக்கொண்டேன். கரண்டியோடு பந்திக்குப் போனேன். பதினாறு பேர் வாழையிலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் சாதம் முடிந்து ரசம் வந்தது. முதல் இலை வரதன் சாருடையது. வலது கையில் கரண்டியைப் பிடித்தேன், பழக்கம். இடப்பக்கம் சாய்ந்தது. முருகேசன் வெட்டிய மூக்கு வழியாக ரசம் ஒரே கோடாகச் சோற்றுக் குழியில் விழுந்தது. இலையில் ஒரு சொட்டு வெளியே இல்லை. பதினாறு இலைக்கும் அப்படியே விழுந்தது.

கடைசி இலை முருகேசனுடையது. அவர் நிமிர்ந்து பார்க்காமல், "போதும் சார்," என்றார்.

"இன்னும் கொஞ்சம் வாங்கிக்கங்க," என்றேன்.

கழுவித் துடைத்து, ஒரு பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். மூக்கை அடைக்க வேண்டாம் என்று பர்வீன் அக்காவிடம் சொன்னேன். படத்தையும் சுவரில் திரும்ப ஒட்டச் சொன்னேன், பென்சில் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. 2:50க்கு சானடோரியத்தில் வண்டி. உட்கார இடம் இருந்தது, ஆனால் நின்றுகொண்டே வந்தேன். 3:20க்கு சைதாப்பேட்டை.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். சட்டையெல்லாம் தூசியாகும், பழையதைப் போட்டுக்கொள்ளுங்கள். உளி அவர்களிடமே இருக்கிறது. கட்டணம் கிடையாது; சாப்பாட்டுக்கு அரிசியோ காயோ எடுத்துப் போனால் போதும். மழைக்காலத்தில் ஏரிப் பக்கத்துத் தெருவில் தண்ணீர் நிற்கும், அப்போது ஆட்டோக்காரர் கேட்கிறதைக் கொடுத்துவிடுங்கள். வீட்டு முகவரியை இங்கே போடவில்லை. பின்னூட்டத்தில் மின்னஞ்சல் கொடுத்தால் அனுப்புகிறேன். கூட யாராவது "நீயும் வாயேன்" என்று கூப்பிட்டால் அந்த வாரமே போய்விடுங்கள். கரண்டி செய்தால் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். வாரம் ஒரு தரம் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

ஹாலில் அடித்த கொக்கியில் இப்போது வீட்டுச் சாவி தொங்குகிறது. கரண்டி சமையலறையில் இருக்கிறது. ஒரு மூக்கோடு வந்திருந்தால் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். இப்போது ராத்திரி ரசம் வைத்தால் அதில்தான் எடுக்கிறேன். வலது கையால் ஊற்றினால் முருகேசன் மூக்கில் சரியாக விழுகிறது. சில நாள் இடது கைக்கு மாற்றி அவள் மூக்கில் ஊற்றிப் பார்க்கிறேன். தட்டில் பாதி, மேடையில் பாதி. துடைத்துவிட்டுத் திரும்ப ஊற்றுகிறேன்.