ஒன்பதரை மணிக்குப் புது ஆள்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கேபிள் டி.வி. இருந்தது. அந்த கேபிள் டி.வி.யில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் கதை சொன்னவர்கள் எல்லோரும் ராஜாவில்தான் ஆரம்பித்தார்கள். எனக்கு வாய்த்தது நாற்காலி.

டி.வி.யில் உட்கார்ந்து பேசுவது ஒன்றும் சிரமமான தொழில் இல்லை. நமக்கு முன்னால் பேசியவர் நல்ல தொண்டையோடு பக்கத்து அறையிலேயே இருந்தால் மட்டும் கொஞ்சம் சிரமம். இன்னொருத்தர் எழுந்த சூடு ஆறுவதற்குள் அதே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கணபதி என்கிற எங்கள் ஊரில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டேஷன். இரண்டு அறை, நடுவில் பிளைவுட் தடுப்பு. ஒரு அறையில் கேமரா, நாற்காலி, பின்னால் அருவிப் படம். இன்னொன்றில் வி.சி.ஆர்.கள், ஒயர்கள், ஒரு டெலிபோன். தினமும் இரவு ஒன்பதரை முதல் பத்தரை வரை ‘நாலு வார்த்தை’ என்று ஒரு நேரடி நிகழ்ச்சி. ஜனங்கள் போன் போடுவார்கள். நாற்காலியில் இருப்பவர் பேசுவார். சாக்கடை அடைப்பு, கயிற்றை அறுத்துக்கொண்டு போன எருமை, மகளுடைய பரீட்சை, எதுவானாலும் சரி.

நாலு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தவர் ஆறுமுகம் சார். மில்லில் ஆட்கள் வந்துபோகும் நேரம் குறிக்கும் டைம் ஆபீஸ் பார்த்து ரிடையர் ஆனவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கேமராவைப் பார்த்து அவர் சொல்லும் முதல் வாக்கியம் என்றைக்கும் ஒன்றுதான்: “எல்லாரும் சாப்டாச்சுங்களா?” கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சற்று நேரம் சும்மா இருப்பார். அந்தச் சமயத்தில் தெருவில் நடந்து போனால், வரிசையாக வீடுகளுக்குள்ளிருந்து “ஆச்சுங்க, ஆச்சுங்க” என்று கேட்கும்.

பொன்னாடை

எங்கள் ஓனர் தங்கவேல் அண்ணனுக்குக் கல்லூரியில் படிக்கும் மகள் ஒன்று. சாட்டிலைட் சேனல்களில் இருபது வயசுப் பிள்ளைகள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்த்துவிட்டு, “நம்ம சேனல்ல மட்டும் ஏம்ப்பா பேங்க் மேனேஜர் மாதிரி ஒருத்தரு உக்காந்திருக்காரு” என்று அந்தப் பெண் கேட்டுவிட்டது. நான் அப்போது ஒரு பம்ப்செட் பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் நோம்பித் திருவிழாவில் காணாமல்போன குழந்தைகளின் பெயரை மைக்கில் நான் வாசித்ததை அண்ணன் கேட்டிருக்கிறார். குழந்தைகள் கிடைத்தனவா என்று விசாரிக்காமலே என்னைக் கூப்பிட்டுவிட்டார். மூன்று மாதம் உட்கார வேண்டும். தை பிறந்ததும் விளம்பரம் கொடுக்கும் கிரைண்டர் கம்பெனிக்காரர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் என்ன என்று அண்ணன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டறை வேலையை விட்டுவிட்டேன்.

இனி ஆறுமுகம் சாரிடம் ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையை நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் அண்ணன் ஒரு பொன்னாடை வாங்கிக்கொண்டு வந்து, ஒளிபரப்பிலேயே போர்த்தினார். நாலு வருஷ சேவை என்றார், ஊரே நன்றி சொல்கிறது என்றார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். சார் குறிப்பறிந்து விடைபெறுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். சார் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சொன்னார்: “இத்தனை மரியாதை பண்ணின பொறகு நான் பாதியில வுட்டுப்போட்டுப் போக முடியுங்களா? இன்னும் பத்து வருசத்துக்கு நாந்தானுங்க.”

தொண்டைக்கு ஓய்வு

ஒரு வாரம் கழித்து அண்ணன் வேறு வழி கண்டுபிடித்தார். “சார், தெனமும் பேசிப் பேசி உங்க தொண்டை என்னத்துக்காகுமுங்க? கொஞ்ச நாளைக்கு ஓய்வு குடுங்க. தம்பி இங்க உக்காரட்டும். போன் எடுக்கற பையனும் வேலைய வுட்டுப்போட்டான், நீங்க போனை மட்டும் எடுத்துப் பேசுங்க.” போனில் பேசுவதற்கும் தொண்டைதான் வேண்டும் என்பதை நான் கவனித்தேன். என் வேலை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

சார் அருவியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. நாற்காலி முதுகில் போட்டிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் போகும்போது சொன்னார்: “என்ற தொண்டை நல்லாத்தானுங்க இருக்குது. அண்ணனுக்குத்தான் என்னமோ அடைக்குது.”

ஹாய்

எனக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று உத்தரவு. ஒன்று, ‘ஹாய்’ சொல்ல வேண்டும். இரண்டு, கையை ஆட்ட வேண்டும். மூன்று, சாப்பாட்டைப் பற்றிப் பேசவே கூடாது, அது பழசு. போன் மணி அடித்தால் ஆறுமுகம் சார் எடுத்து, பேரும் தெருவும் கேட்டுக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்த எக்ஸ்டென்ஷன் போனில் எனக்குக் கொடுப்பார். நான் பேசுவேன். இயல்பிலேயே எனக்குச் சன்னமான குரல். டி.வி.யின் சத்தத்தை முழுசாகத் திருகி வைத்தும் நான் பேசியது பாதிதான் கேட்டது என்று பிற்பாடு பலர் சொன்னார்கள்.

முதல் நாள், முதல் அழைப்பு, ஒரு வீட்டு அம்மணி. “ஏனுங் தம்பி, நீங்க சாப்டாச்சான்னு கேக்காமயே ஆரம்பிச்சுப்போட்டீங்க. எங்க மாமனாரு ஆறுமுகம் சார் கேட்ட பொறகுதான் தட்டுல கை வெப்பாரு. மணி பத்தாகப் போகுது, சோறு ஆறுது. ஒரு வார்த்தை நீங்களே கேட்டுப்போடுங்க.” நான் அண்ணனைப் பார்த்தேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை இடமும் வலமும் ஆட்டினார். நான் அந்தப் பெரியவருக்குக் கையை ஆட்டி, ‘ஹாய்’ என்றேன். போனில் தட்டு நகரும் சத்தம் கேட்டது. பிறகு அம்மணி சொன்னார்: “தட்டைத் தள்ளி வெச்சுப்போட்டாருங்க.”

அவிநாசி பஸ்

டி.வி.யில் முகம் வந்தால் ஊரே அடையாளம் கண்டுகொள்ளும் என்பார்கள். கண்டுகொண்டது. பஸ்ஸில், பேக்கரியில், முடிவெட்டும் கடையில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: சாருக்கு உடம்புக்கு என்ன? நன்றாக இருக்கிறார் என்பேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறவர் எழுந்துகொண்டு என்னை ஏன் உட்காரவைக்க வேண்டும் என்பது அவர்கள் பார்வையில் இருக்கும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, மடியில் தேங்காய் பழத் தட்டோடு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோயிலுக்குப் போகிறாராம், சார் பேரில் அர்ச்சனை பண்ண. அவர் தினமும் ஸ்டேஷனுக்கு வருகிறார், போன் எடுக்கிறார் என்று எவ்வளவோ சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: “எதுவானாலும் நான் தாங்கிக்குவனுங்க கண்ணு. இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லிப்போடு.”

மூணு பெண்கள் வைத்திருந்த ராஜா

மார்கழி பிறந்தபோது ராத்திரிக்கு இரண்டு அழைப்புதான் என்னிடம் வந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரத்தை இரண்டு அழைப்பில் ஓட்ட முடியாது. கையையும் எவ்வளவு நேரம்தான் ஆட்டுவது? எனக்குத் தெரிந்த ஒரே சரக்கு சின்ன வயசில் கேட்ட கதைகள். சொல்ல ஆரம்பித்தேன். ஒரு ராஜாவுக்கு மூணு பெண்கள். மூத்தவளுக்குப் பேச்சு வராது, நடுவிலவளுக்குத் தூக்கம் வராது என்று கதை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கடைக்குட்டிக்கு வரும்போது போன் அடித்தது. சந்தோஷமாக எடுத்தேன்.

எதிர்முனையில் ஒரு பெரியவர், ரொம்பப் பணிவாக, “கதைக்கு நடுவுல பேசறதுக்கு மன்னிச்சுக்கோணுமுங்க” என்றார். பரவாயில்லை, சொல்லுங்கள் என்றேன். சொன்னார்: “அந்த மூணாவது புள்ளைக்கு என்ன வராதோ தெரியாதுங்க, எங்க ஊட்டுக்கு நாலு நாளா கிரிக்கெட் சேனல் வரமாட்டீங்குது.”

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம்

ஒன்று மட்டும் எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அழைப்பு வருவதில்லை. ஆனால் பக்கத்து அறையில் மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, விளம்பர இடைவேளையில் எழுந்து போய்த் தடுப்பின் ஓரத்தில் நின்றேன். ஆறுமுகம் சார் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “புதுத் தம்பி நல்லாத்தானுங்க பேசறாரு. அவருகிட்ட கேளுங்க, சொல்லுவாரு. இல்லீங்க, வெச்சுப்போடாதீங்க... சரி, எருமை எந்தப் பக்கமாப் போச்சு, அதைச் சொல்லுங்க.”

அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போனுக்கு வேறு ஆளை மாற்றிவிடுவார், அழைப்பெல்லாம் என்னிடம் வரும், கிரைண்டர்காரருக்குப் பிடித்துவிடும். மனசுக்குள் அதைச் சொல்லியும் பார்த்தேன். அதற்குள் சார் திரும்பி என்னைப் பார்த்துவிட்டார். திருடியவர் முகம் இல்லை, பிடிபட்டவர் முகமும் இல்லை. மில்லில் யாரோ லேட்டாக வந்ததற்கு இவர் பதில் சொல்வதுபோல ஒரு முகம். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: “லைன் குடுத்தா வெச்சுப்போடறாங்க தம்பி. வெச்சுப்போட்டு மறுக்கா எனக்கே அடிக்கறாங்க. நான் என்னங்க பண்ணட்டும்?”

நான் அண்ணனிடம் சொல்லவில்லை.

கிரைண்டர்காரர்

தை பிறந்தது. கிரைண்டர் கம்பெனிக்காரர் வந்தார். கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். நான் ஹாய் சொன்னேன், கையை ஆட்டினேன், நாலாவது ராஜாவை ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் தண்ணீர் குடிக்க அடுத்த அறைக்குப் போனார். திரும்பி வரவில்லை. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. என் ராஜா காட்டுக்குப் போய் வழி தவறி நின்றார். அவரை அங்கேயே விட்டுவிட்டு நிகழ்ச்சியை முடித்தேன்.

அண்ணனும் நானும் போய்ப் பார்த்தோம். கிரைண்டர்காரர் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து, யாரோ ஒரு அம்மணியிடம் போனில் இட்லிக்கு உளுந்து எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று விவாதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆறுமுகம் சார் தீர்ப்புச் சொல்லத் தயாராக இருந்தார். போனை வைத்துவிட்டு அண்ணனிடம் கிரைண்டர்காரர் கோபமில்லாமல்தான் சொன்னார்: “தங்கவேலு, புரோகிராம் இந்த ரூம்ல நடக்குது. கேமரா அந்த ரூம்ல இருக்குது.”

இரண்டாவது பொன்னாடை

மறுநாள் காலையில் அண்ணன் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை. தம்பியின் திறமையை ஊரே பாராட்டுகிறது என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் முதல் தடவையே பார்த்தவன் என்பதால், இன்னும் பத்து வருஷத்துக்கு நான்தான் என்று சொல்லாமல் கழுத்தைக் குனித்துக் கொடுத்தேன். அண்ணனுக்குப் பெரிய நிம்மதி. போகும்போது சொன்னார்: “துணி சாருக்கு எடுத்ததவிட ஒசத்திங்க தம்பி.”

அதற்கப்புறம் பம்ப்செட் பட்டறைக்குப் போனேன். முதலாளி எழுந்து வந்து விசாரித்தார், காபி வாங்கிக் கொடுத்தார், ‘நாலு வார்த்தை’யில் பார்த்ததாகச் சொன்னார். ஸ்டோரில் என் ஸ்டூலில் யாரோ உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முதலாளி சொன்னார்: “உங்களவிட ரெண்டு வயசு சின்னவனுங்க. போல்ட்டு நட்டு அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏத்திப்போட்டான்.”

சட்டை

அன்றைக்கு ராத்திரி, மஞ்சள் சட்டையைத் துவைத்து மடித்து, திருப்பிக் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். நிகழ்ச்சி ஆரம்பிக்கும் நேரம். ஆறுமுகம் சார் துண்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். “எல்லாரும் சாப்டாச்சுங்களா?” என்றார். சும்மா இருந்தார். கீழே தெருவிலிருந்து “ஆச்சுங்க” மேலே மாடி வரைக்கும் கேட்டது. உடனே பக்கத்து அறையில் போன் அடிக்க ஆரம்பித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சாரை நாற்காலிக்கு மாற்றிய அண்ணன், போனை யார் எடுப்பது என்பதை யோசிக்கவே இல்லை. கேமராவைப் பிடித்திருந்த அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சட்டையைப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போய் எடுத்தேன். பேரும் தெருவும் கேட்டேன். லைன் கொடுத்தேன். சன்னமான குரல் போனில் நன்றாகவே கேட்டது. பத்தரை மணிக்குள் முப்பது பேருக்கு மேல். ஒருத்தரும் என்னிடம் பேச விரும்பாதது வேலைக்குச் சௌகரியமாக இருந்தது. மூன்றாவது ஆளாக, முதல் நாள் என்னிடம் பேசிய அந்த வீட்டு அம்மணி, மாமனார் சாப்பிட்டுவிட்டாராம். நாளைக்கு வா என்றும் அண்ணன் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அதனால் மறுநாளும் போனேன்.

ஆனால் அது மறுநாள். அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டு அண்ணன் முதலில் இறங்கினார். சார் படியில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே, “தம்பி, நீங்க சாப்டாச்சுங்களா?” என்றார். இல்லை என்றேன். “நீங்க?” என்று கேட்டேன்.

சார் ஒரு படி இறங்கினவர் நின்றார். “நாலு வருசமா பத்தரைக்கு மேலதானுங்க எனக்குச் சோறு. அத்தன பேரும் ஆச்சு ஆச்சுன்னு சொல்றாங்க. ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லீங்க.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மொபெட்டை ஸ்டார்ட் செய்து, சத்தி ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

டி.வி. தொழிலில் மூன்று மாதம் நட்சத்திரமாக இருந்ததில் எனக்கு மிஞ்சியது, திருப்பிக் கொண்டுபோயும் யாரும் வாங்கிக்கொள்ளாத ஒரு மஞ்சள் சட்டையும், ஒசத்தித் துணியில் ஒரு பொன்னாடையும், யாருமே போட்டிக்கு வராத ஒரு டெலிபோனும்தான்.