நான்கு டப்பாக்களில் ஒரே வைட்டமின்

எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஜென்சி அக்கா இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறார். அவருக்குக் கோபமே வராது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். கண்ணாடிச் சாமானை உடைத்துவிட்டு நடுங்கி நிற்கும் மாணவியிடம்கூட, "கையில குத்தலல்ல? அப்ப சரி, போ" என்பார். நான் அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்து எட்டு வருடமாகிறது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது ஒரே ஒரு நாள்தான்.

நாற்பது வயதில் அவருடைய இமைகள் இறங்கத் தொடங்கின. எதிரே நிற்பவரைப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டியிருந்தது. பார்ப்பவர்களெல்லாம் தூக்கக் கலக்கம் என்றார்கள். முதல்வர் ஒருமுறை மாணவிகள் முன்னாலேயே, "வேலை நேரத்துல தூங்காதீங்க ஜென்சி" என்றார். பிறகு மாடிப்படி ஏறினால் தொடைகள் ஓய்ந்துபோயின. நிறையப் பேசினால் நாக்கு குழறியது. இரண்டு வருடம் மருத்துவமனை மாற்றி மருத்துவமனை அலைந்து, தசையில் துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. மைட்டோகாண்ட்ரியா நோய். உடம்பின் செல்களுக்குள் சக்தியை உண்டாக்கும் பகுதி சரியாக வேலை செய்வதில்லை.

நரம்பு மருத்துவர் பூசி மெழுகவில்லை. "முழுசா குணமாக்குற மருந்து இப்போதைக்கு இல்லம்மா. சில சப்ளிமென்ட் சிலருக்கு ஓரளவு உதவுது, எல்லாருக்கும் இல்ல. கோ-என்சைம் க்யூ டென் மட்டும் ஆரம்பிப்போம். மூணு மாசம் பார்த்துட்டு அடுத்தத யோசிப்போம். ஒரே நேரத்துல நாலு சாப்பிட்டா எது உதவுச்சு, எது கெடுத்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

நியாயமான பேச்சுதான். ஆனால் பாலக்கரை வீட்டுக்குத் திரும்பிய ஜென்சி அக்காவின் காதில் 'சிலருக்கு', 'ஓரளவு' என்ற இரண்டு சொற்கள்தான் ஒலித்துக்கொண்டிருந்தன. கணவர் அடைக்கலராஜ் சவுதியில் வேலை பார்க்கிறார். இங்கே ஓடியாடி உதவியவர் அவருடைய மூத்த சகோதரி டோரதியின் கணவர் மார்ட்டின். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். அதை மறைக்கக் கூடாது. அந்த மார்ட்டின் ஓய்வு பெற்ற பிறகு, ஆள் சேர்த்து ஆள் சேர்த்து ஊட்டச்சத்து விற்கும் ஒரு நிறுவனத்தில் முகவராகியிருந்தார்.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் முதல் டப்பாவோடு வந்தார்.

"டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க ஜென்சி. இது மருந்தே இல்ல, உணவு. ஒண்ணும் பண்ணாது."

முதலில் சக்திக்கு ஒரு கேப்ஸ்யூல். பிறகு நரம்புக்கு ஒரு மாத்திரை. பாலில் கலக்க ஒரு பவுடர். நாக்கடியில் வைக்க இன்னொரு மாத்திரை. எதையும் மருத்துவரிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்று பயம்.

ஒரு வருடம் கழித்துப் பாதங்களில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. பிறகு பஞ்சின் மேல் நடப்பதுபோல் ஆனது. "நோய் காலுக்கும் வந்துடுச்சு மேடம்" என்று என்னிடம் சொன்னார். மார்ட்டினிடம் சொன்னதற்கு, "அளவு பத்தல. ரெண்டு ரெண்டா போடு" என்றாராம். அக்காவும் போட்டிருக்கிறார். ஒரு நாள் ஆய்வகத்தில் அமிலக் குப்பிகள் இருந்த தட்டோடு விழுந்தார். நல்லவேளை, குப்பிகள் மூடியிருந்தன. அடுத்த நாளே நான் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

வாயில் போடுவது எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் மருத்துவர். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்.

"இதுல வைட்டமின் பி6. இதுல பைரிடாக்சின். இதுல பைரிடாக்சல் பாஸ்பேட். எல்லாம் ஒண்ணுதான்மா, பேருதான் வேற. நாலாவதுலயும் இருக்கு, ஆனா எவ்வளவுன்னே போடல, 'சிறப்புக் கலவை'ன்னு போட்டு விட்டுட்டான். ஒரு நாளைக்கு ரெண்டு மில்லிகிராம் போதும். நீங்க முன்னூறுக்கு மேல சாப்பிடறீங்க. இப்படி மாசக்கணக்கா போனா அதுவே நரம்பக் கெடுக்கும். கால் பிரச்சனைக்கு இதுதான் காரணம்னு நினைக்கிறேன். இந்த நாலையும் நிறுத்துங்க."

ஆட்டோவில் திரும்பும்போது மேம்பாலம் வரை அக்கா டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துக்கொண்டே வந்தார். பிறகு, "எனக்குத் தெரியும் மேடம்" என்றார். "பைரிடாக்சின்னா பி6தான்னு எனக்குத் தெரியும். நம்ம அலமாரியில அந்தக் குப்பிக்கு லேபிள் எழுதி ஒட்டினதே நான்தான். பிள்ளைங்களுக்கு மில்லிகிராம் சுத்தமா நிறுத்துக் குடுக்கறவ, என் வாயில போட்டத ஒரு தடவ படிக்கல." சொல்லிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல மரமரப்பு இறங்கியது. மார்ட்டினிடம் விஷயத்தைச் சொன்னார். "உடம்புல இருக்கற நச்சு வெளிய போறப்ப அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு வீடியோ வந்தது. உறையூரில் இருக்கும் என் மாமி எனக்கு அனுப்பியிருந்தார். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹாலில் மார்ட்டின் மைக்கோடு நிற்கிறார். பின்னால் திரையில் ஜென்சி அக்காவின் இரண்டு படங்கள். இடது பக்கம் இமை தொங்கிய முகம். வலது பக்கம் கண்களை அகல விரித்துச் சிரிக்கும் முகம். "உலகத்துலயே மருந்து இல்லாத நோய். எட்டே மாசத்துல என் கொழுந்தியா எப்படி ஆயிட்டா பாருங்க!" என்கிறார். அனுப்பலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் அக்காவுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "அந்தச் சிரிக்கிற படம் டோரதி மகளுக்குச் சர்ச்ல முதல் நற்கருணை குடுத்த புதுநன்மை விழாவுல எடுத்தது மேடம். பதினோரு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழம என்கூட வருவீங்களா? பஸ்ல தனியா ஏற முடியாது."

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து அம்மா மண்டபத்தில் இறங்கினோம். ஹால் மாடியில். மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினார். உள்ளே ஐம்பது பேர் இருப்பார்கள். டோரதி டீ கொடுத்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அந்த இரண்டு படங்களும் திரையில் வந்தன. ஜென்சி அக்கா முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்து எழுந்தார்.

"அந்தப் படத்துல இருக்கறது நான்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"கை தட்டாதீங்க!" என்று கத்தினார். "வலது பக்கம் இருக்கறது எனக்கு நோய் வர்றதுக்கு முன்னாடி எடுத்தது. இடது பக்கம்தான் இப்ப. வந்து பாருங்க." விரலால் இமையைத் தூக்கிக் காட்டி, விட்டார். அது விழுந்தது.

மார்ட்டின் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "ஜென்சி, வீட்ல பேசிக்கலாம்மா. களைச்சுப் போயிருக்க, உக்காரு."

"களைப்புதான் மாமா. அது நோய் குடுத்தது, அத நான் யார்கிட்டயும் கேட்கல. கால் மரத்துப்போனது நீங்க குடுத்தது. அதுக்கு மேல ரெண்டு ரெண்டா போடச் சொன்னீங்க."

பையிலிருந்து டப்பாக்களை எடுத்து லேபிளைப் படிக்கத் தொடங்கினார். இரண்டாவதிலேயே நாக்கு குழறியது. டை கட்டிய ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "குடிச்சிட்டு வந்திருக்குமோ?" என்றான். அதற்கு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. மிச்ச லேபிள்களை அக்கா கையிலிருந்து வாங்கி நான்தான் படித்தேன். சிலர் எழுந்து போனார்கள். சிலர் அங்கேயே உட்கார்ந்து மீண்டும் மார்ட்டினைப் பார்த்தார்கள். டோரதி கெட்டிலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

படியில் இறங்கும்போது ஒரு பெண்மணி பின்னாலேயே வந்தார். பெயர் வீராயி, ஊர் உப்பிலியபுரம். மகளுக்கு இதே நோயாம்.

"அப்ப எதைத்தாங்க வாங்கறது?"

அக்கா படியிலேயே உட்கார்ந்தார். "நீங்களா எதையும் வாங்காதீங்க. டாக்டர் சொன்னா ஒண்ணே ஒண்ணு ஆரம்பிங்க. என்னிக்கு ஆரம்பிச்சீங்க, எப்படி இருக்குன்னு எழுதி வைங்க. வேற எது குடுத்தாலும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க."

"நல்லாயிடுமாங்க?"

"தெரியாதுங்க."

வீராயியின் முகம் வாடியது. பஸ்ஸில் அக்கா சொன்னார்: "எனக்கு அங்கதான் ரொம்பக் கோபம் வந்துச்சு மேடம். மாமாகிட்ட அந்தம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கு. பொய்யோ என்னமோ, இருக்கு. என்கிட்ட இல்ல."

இதெல்லாம் நடந்து பத்து மாதமாகிறது. உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் எழுதி அனுப்பினோம், பதில் இல்லை. மார்ட்டின் இப்போது வேறு யாருடைய படத்தையோ காட்டுகிறார். அக்காவின் கால்விரல் நுனிகளில் இன்னும் உணர்ச்சி முழுதாக வரவில்லை. மருத்துவர் பிறகு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்த சப்ளிமென்ட்களில் கார்னிடைன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் நின்றது. கோ-என்சைமும் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினும் தொடர்கின்றன. அக்காவின் நோட்டில் 'படி ஏறுவது கொஞ்சம் சுலபம்' என்று சில நாளும், 'தெரியவில்லை' என்று பல நாளும் எழுதியிருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் டோரதி ஒருமுறை போன் செய்தார். "நீ கேட்டது தப்பில்லடி. ஆனா நாலு பேர் முன்னாடி கேட்டிருக்க வேணாம்."

"படத்த நாலு பேர் முன்னாடிதானே காட்டினாரு?" என்றார் ஜென்சி அக்கா.

டோரதி போனை வைத்துவிட்டார். சகோதரிகள் இருவரும் போவது ஒரே கோயிலுக்குத்தான். டோரதி ஆறு மணிப் பூசைக்குப் போகிறார், ஜென்சி அக்கா எட்டு மணிப் பூசைக்கு.